கல்லாவில் உட்கார்ந்தால் களைப்பு தீருமா?

பக்கவாதத்திலிருந்து பிழைத்து மீண்டும் கடைக்கு வந்தவர்களை நம் சேவூரிலும் ஆரணியிலும் நாம் பார்த்திருக்கிறோம். கை ஓரளவு திரும்பியிருக்கும், பேச்சும் தெளிந்திருக்கும். ஆனால் பகல் பதினொரு மணிக்கே முகம் வாடிவிடும். நாலு சீட்டுக்குக் கூட்டல் போட்டால் தலை சாய்ந்துவிடும். "உடம்புதான் தேறியாச்சே, இன்னும் என்ன சோம்பல்?" என்பார்கள் வெளியார். "கல்லாவில் சும்மா உட்காருங்கள், அசையவே வேண்டாம்" என்பார்கள் வீட்டார். இரண்டும் தவறு என்பதே நமது கருத்து.

இக்களைப்பு சோம்பல் அன்று. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது வருகிறது. லேசாக வந்தவரையும் விடுவதில்லை. மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கிறது. தூங்கி எழுந்தாலும் தீர்வதில்லை. பயந்துபோய் அசையாமலே இருந்தால் தசை மெலிந்து, நேற்றுச் செய்த சிறு வேலையும் இன்று பாரமாகிறது. வியாபாரம் செய்யாமல் முதலை உட்கார்ந்து தின்பது போலத்தான் இதுவும்.

நெதர்லாந்தில் 83 பேரை வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2012இல் வெளியாயிற்று. களைப்பைச் சமாளிக்கும் ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு 12 வாரம் படிப்படியாகக் கூட்டிய நடையும் உடற்பயிற்சியும் செய்தவர்கள் அதிகம் தேறினார்கள். ஆய்வு சிறியதுதான். என்றாலும் வழி தெரிகிறது.

நமக்குப் பக்கத்து வேலூரையே பாருங்கள். விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு நிலையம் கண்டார். உயிர் பிழைத்தால் மட்டும் போதாது, எழுந்து தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்பதற்கு அவரே சாட்சி.

முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரத்தசோகை, சர்க்கரை, தைராய்டு, தூக்கக் கோளாறு, மனச்சோர்வு, சாப்பிடும் மாத்திரை, இவற்றாலும் களைப்பு வரும். அவர் சம்மதித்த பின் காலையில் ஐந்து நிமிட நடை போதும். மறுநாள் உடம்பு தாங்கினால் சிறிது கூட்டலாம். தாங்காவிட்டால் குறைக்கலாம். நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தெம்பாக இருக்கிறதே என்று ஒரே நாளில் மூட்டைகளை இறக்கிவிட்டு, இரண்டு நாள் படுத்துக் கிடப்பது கையிருப்புக்கு மேல் கடன் கொடுப்பது போன்றது.

2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறை சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

நம் பங்கும் உண்டு. அப்படிப்பட்டவர் முதலில் அரைநாள் மட்டும் கடைக்கு வரட்டும். கணக்கு வேலையைக் காலையிலேயே முடிக்கட்டும். அவர் நடந்துவரும் கால்மணி நேரம் பக்கத்துக் கடைக்காரர் கல்லாவைப் பார்த்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? தறிக்குழியில் இறங்கும் நெசவாளிக்கும் இதே சலுகை வேண்டும். கடன் கேட்டால் தவணை தருகிறோம். களைத்த உடம்புக்கும் கொஞ்சம் தவணை தருவோம்.