தடுக்க வேண்டியது விமானத்தின் வாசலில்

2015 டிசம்பரில் ராயானி ஏர் பறக்கத் தொடங்கியபோது, பினாங்கில் எங்கள் சிம்பாங் அம்பாட் ஒட்டுக்கடையில்கூட அதே பேச்சு. மது கிடையாது, பன்றி இறைச்சி கிடையாது, புறப்படுமுன் துஆ ஓதுவார்கள். ஷரியா முறையில் நடந்த மலேசியாவின் முதல் விமான நிறுவனம் அது. தொடங்கியவர்களோ ரவி, கார்த்தியாயினி என்ற இந்துத் தம்பதி. இருவர் பெயரும் சேர்ந்ததுதான் ‘ராயானி’. அதன் தளம், மதுவுக்கு வரியே இல்லாத லங்காவி! விமானத்தில் தாகம் அடக்கியவர் இறங்கியதும் மலிவு பீர் வாங்கலாம்.

2016 ஜூனில் அதன் உரிமம் ரத்தானது. தணிக்கையில் சிக்கியது பாதுகாப்பும் நிர்வாகமும். மதுவை விலக்குவது சுலபம். விமானத்தை ஒழுங்காக நடத்துவதுதான் கஷ்டம்.

விமானத்தில் மதுவை முழுதாகத் தடை செய்ய வேண்டாம் என்று சொன்னாலும், குடிக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஆசையில்லை. சம்பள நாளில் தோட்டத்துக் கள்ளுக்கடை வாசலில் அம்மா காத்து நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூடு என்று கேட்டதும் நியாயமே. ஆனால் விமானத்தில் ஊற்றிக் கொடுப்பவர் பயிற்சி பெற்ற பணியாளர். ‘போதும்’ என்று அவரால் சொல்ல முடியும். சொன்னால் நிறுவனம் அவர் பக்கம் நிற்க வேண்டும்.

ஒருமுறை சென்னைக்குப் போகையில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஏறும்போதே தள்ளாடினார். விமானத்தில் அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை. முழுத் தடை இருந்திருந்தாலும் எனக்கு அதே பயணம்தான். அமெரிக்காவில் போதை தெரியும் பயணியை விமானத்தில் ஏற்றக்கூடாது என்றே விதி உண்டு.

2022 நவம்பரில் ஏர் இந்தியாவின் நியூயார்க்–டெல்லி விமானத்தில், போதையில் ஒருவர் மூதாட்டி மீது சிறுநீர் கழித்ததாகப் புகார் எழுந்தது. இந்திய விமானத்துறைக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது, மது கொடுத்ததற்காக அல்ல. நடந்ததைக் கையாண்ட விதத்துக்காக.

2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானம் வந்ததிலிருந்து, எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் இரண்டாம் பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் விமான நிலையத்துக்குப் போவது சகஜமாகிவிட்டது. கைக்குழந்தையோடும் பாட்டியோடும் போகிற அவர்களுக்காக நான் கேட்பது இவ்வளவுதான்: குறுகிய பயணங்களில் மது வேண்டாம், நீண்ட பயணங்களில் அளவு வேண்டும், தள்ளாடி வருபவரை வாசலிலேயே நிறுத்த வேண்டும். அவர் தெளிந்தபின் அடுத்த விமானத்தில் போகலாம். பக்கத்து இருக்கைக்காரருக்கு நடுவானில் இறங்க வழியில்லை.