யாரைக் கொடுத்து வாங்கிய சமாதானம்?

அவிநாசி, பல்லடம் சுற்றுப்பட்டில் இது பழகிப்போன கூத்து. டீக்கடையில் தனி டம்ளர் ஏன் என்று நம்ம பையன் ஒருத்தன் கேட்பான். அடி விழும். மறுவாரம் தாலுகா ஆபீசில் சமாதானக் கூட்டம். ஊர்ப் பெரியவர்களுக்கு நாற்காலி, நமக்குச் சுவரோரம். "நீங்கதாம்ப்பா கொஞ்சம் அனுசரிச்சுப் போகோணும்." 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் பதிய வேண்டிய வழக்கு ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்தாகிச் செத்துப்போகும். இதற்குப் பெயர் அமைதி.

இந்த அமைதிக்கு உலக வரலாறே உண்டு. 1938 செப்டம்பர் கடைசியில் மியூனிக்கில் சேம்பர்லினும் தலாதியேவும் ஹிட்லரோடும் முசோலினியோடும் உட்கார்ந்து சுடேட்டன் பகுதியை ஹிட்லருக்கு எழுதிக் கொடுத்தார்கள். நிலம் செக்கோஸ்லோவாகியாவுடையது. அவர்களுக்கு அந்த மேசையில் இடமில்லை. ஆறே மாதத்தில் ஜெர்மன் படை பிராகுக்குள் நுழைந்தது. 1939 செப்டம்பரில் உலகப் போர். அடுத்தவன் நிலத்தைத் தீனியாகப் போட்டுப் பசியை வளர்த்தார்கள், அவ்வளவுதான்.

அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கை மலையகத்தைப் பாருங்கள். தேயிலைக் காட்டுக்குக் கூலிகளாகப் போனவர்களில் பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். 1948-இல் சட்டம் போட்டு அவர்கள் குடியுரிமையைப் பறித்தது கொழும்பு. அதே ஆண்டு ஜி.ஜி. பொன்னம்பலம் அந்த அமைச்சரவையில் சேர்ந்தார். செல்வநாயகம் எதிர்த்துப் பிரிந்து 1949-இல் தமிழரசுக் கட்சி கண்டார், உண்மை. ஆனால் 1957 பண்டா - செல்வா ஒப்பந்தத்தில் கூலிகளின் குடியுரிமை 'விரைவில் கவனிக்கப்படும்' என்ற வாக்குறுதியோடு நின்றுவிட்டது. அந்த ஒப்பந்தமும் பிக்குகள் மிரட்டியதும் 1958-இல் கிழிந்தது. 1965 டட்லி - செல்வா ஒப்பந்தமும் காற்றில் போயிற்று.

இடையில் நம்ம டெல்லி செய்த காரியம்? 1962-இல் சீனாவிடம் அடி வாங்கிய நாட்டுக்கு அண்டை வீட்டு நட்பு வேண்டியிருந்தது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேர், 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பங்கு போடுகிறவன்கூட ஆட்டைத் தொட்டுப் பார்ப்பான். இவர்கள் அந்த மக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பேரினவாதம் அதோடு அடங்கியதா? கூலியின் குடியுரிமையைத் தின்ற வாய் 1956-இல் யாழ்ப்பாணத்தானின் மொழியைக் கடித்தது. 1983-இல் மூண்ட போர் 2009 வரை தின்றது. சேரிக்காரன் வீட்டில் வைத்த தீதானே என்று இருந்தவர்களின் கூரையிலும் அது ஏறியது.

"அப்ப சண்டைதான் வேணுமா?" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. சண்டை எங்கள் மேல் ஏற்கனவே நடந்துகொண்டுதான் இருக்கிறது. நாங்கள் திருப்பிக் கேட்கும்போது மட்டும்தான் உங்களுக்கு அது சண்டையாகத் தெரிகிறது. பனியன் கம்பெனியில் ஒரே வரிசையில் ஓவர்லாக் அடிக்கிறோம். பீஸ் ரேட்டுக்காக ஒன்றாகக் கொடி பிடிக்கிறோம். சாயங்காலம் ஊருக்குள் பஸ் இறங்கினால் டம்ளர் பிரிகிறது. அதைக் கேட்காத சங்கம் கூலி ஒப்பந்தத்தில் எவ்வளவு உயர்வு வாங்கினாலும் பாதிச் சங்கம்தான்.

நாங்கள் பேச்சுக்கு எதிரிகள் அல்ல. நாற்காலி போடுங்கள். வழக்கைப் பதியுங்கள். டம்ளரை உடையுங்கள். அப்புறம் பேசுவோம். அதுவரைக்கும் வெள்ளைத் தாளில் கைநாட்டு வைக்க எங்களிடம் விரல் இல்லை.