கணினிப் பகைவனும் தேசச் சட்டமும்

நெய்வேலியில் பூமியைத் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி மின்சாரமாகித் தென்னாட்டு ராஜ்யங்கள் பலவற்றுக்கும் செல்கிறது. 1956-ல் பொதுப்பணத்தால் ஸ்தாபிக்கப்பட்ட அந்நிறுவனத்துக்கு ஆயுதந்தாங்கிய காவல் உண்டு. ஆயினும், கணினி வழியே புகும் பகைவனைத் துப்பாக்கியேந்திய காவலன் காணமாட்டான். அவனைத் தடுக்கும் காவல் சட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

இதை வீண் பீதியென்று ஒதுக்குவோர் உக்ரெய்ன் தேசத்தை நோக்குவார்களாக. 2015 டிசம்பர் 23-ந் தேதி அந்நாட்டு மின்விநியோகக் கணினிகளை அந்நியர் கைப்பற்றிச் சுமார் 2,25,000 இணைப்புகளை இருளில் ஆழ்த்தினர்.

நம் தமிழ்நாட்டில், கூடங்குளம் அணுமின் நிலைய விஷயத்தில் நடந்ததென்ன? நிர்வாக வேலைக்கான கணினியொன்றில் தீநிரல் புகுந்ததை ‘செர்ட்-இன்’ என்னும் மத்திய சர்க்கார் ஸ்தாபனம் 2019 செப்டம்பர் 4-ந் தேதியே தெரிவித்தது. செய்தி வெளியே பரவியதும், அக்டோபர் 29-ந் தேதி நிலையத்தார் அதை மறுத்தனர்; மறுநாளே அணுமின் கழகத்தார் ஒப்புக்கொண்டனர். உலையை இயக்கும் யந்திரங்களுக்குத் தீங்கில்லை என்றனர், மகிழ்ச்சியே. ஆனால் எட்டு வாரகாலம் ஜனங்களுக்கு உண்மை சொல்லப்படாதது எந்த நியாயம்?

சட்டமே இல்லையென்று நாம் கூறவில்லை. 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-எஃப் பிரிவு கணினிப் பயங்கரவாதத்துக்கு ஆயுள் தண்டனை விதிக்கிறது. கடல் கடந்து முகம் மறைத்திருப்பவனை அத்தண்டனை எவ்வாறு எட்டும்? தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் ‘செர்ட்-இன்’னுக்கு அறிவிக்க வேண்டுமென்று 2022 ஏப்ரலில் உத்தரவு பிறந்தது, பொதுஜனங்களுக்கு அறிவிக்கும் கடமை அதில் இல்லை. நிர்வாகிகளின் பொறுப்புகளோ பற்பல விதிகளில் சிதறிக் கிடக்கின்றன.

சிங்கப்பூர் சிறு நாடு. அது 2018-லேயே இதற்கெனத் தனிச்சட்டம் இயற்றி, இன்றியமையாத நிலையங்களைக் குறித்த காலத்தில் தணிக்கை செய்யப் பணித்தது. நமது பார்லிமெண்டும் தனிச்சட்டம் இயற்ற வேண்டும். மின்சாரம், ரயில், வைத்தியசாலை ஆகியவற்றின் தலைவர்களைக் காவல் கடமைக்கு நேர்ப்பொறுப்பாளிகளாக்க வேண்டும். வெளியார் தணிக்கை வேண்டும். வருஷந்தோறும் பார்லிமெண்டில் அறிக்கை வைக்க வேண்டும். குறையை நல்லெண்ணத்துடன் எடுத்துக் காட்டுவோரைக் குற்றவாளிகளாக்கலாகாது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். 1910-ம் வருஷத்து அச்சுச் சட்டம் அமைதியின் பெயரால் வந்து, ஜாமீன் கேட்டுப் பத்திரிகைகளின் வாயை அடைத்தது. பாதுகாப்பின் பெயரால் பிரஜைகளின் கடிதங்களைத் துருவும் அதிகாரத்தை இப்புதிய சட்டம் தருமாயின் நாமே அதை எதிர்ப்போம். பகைவனுக்குக் கதவடைக்கும் சட்டத்தையே கேட்கிறோம். உண்மைக்குக் கதவடைக்கும் சட்டத்தையன்று.