பதினேழு என்பது யார் போட்ட கோடு?

நூறு பேருக்குக் குறையாமல் மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த மாணவியின் மரணம் தொடர்பான வழக்கில் பிறந்த 15 வழிகாட்டுதல்களில் இதுவும் ஒன்று. வரவேற்க வேண்டிய உத்தரவு. ஆனால், ஆளை நியமிக்கச் சம்பளம் வேண்டும். படிவம் நிரப்பப் பேனா போதும். ஆலோசகர் வருவதற்கு முன்பே, பிள்ளைகளின் நடத்தையை மதிப்பிடும் வினாப்பட்டியல் வந்துவிடும் என்பதுதான் என் கவலை. ஆசிரியர் டிக் அடிப்பார், கணினி கூட்டிப் போடும், பிள்ளையின் பெயருக்கு எதிரே ‘இயல்புக்கு மாறான நடத்தை’ என்று பதிவாகும். அந்தப் பதிவு அவனோடு எத்தனை ஆண்டுகள் நடந்துவரும்?

இத்தகைய பட்டியல்களில் உலகெங்கும் அதிகம் புழங்குபவற்றுள் ஒன்று, பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ராபர்ட் குட்மன் 1997இல் வெளியிட்டது. மொத்தம் 25 வாக்கியங்கள். அவற்றில் 20 வாக்கியங்கள் பிரச்சினைகளைக் கணக்கிடுபவை. உச்ச மதிப்பெண் 40. பெற்றோர் நிரப்பும் படிவத்தில் 17ஐத் தொட்டால் பிள்ளை ‘இயல்புக்கு மாறான’ வகைக்குள் போய்விடும். இந்தப் பதினேழு எங்கிருந்து வந்தது? பிரிட்டிஷ் பிள்ளைகளின் மதிப்பெண்களை வரிசைப்படுத்தி, எண்பது சதவீதத்தினரை இயல்பு, அடுத்த பத்து சதவீதத்தினரை எல்லைக்கோடு, மேலே மிஞ்சிய பத்து சதவீதத்தினரை இயல்புக்கு மாறானவர்கள் என்று ஏறத்தாழப் பிரித்தபோது விழுந்த கோடு அது. லண்டனில் போட்ட கோட்டை உசிலம்பட்டியில் வைத்து நம் பிள்ளையின் உயரத்தை அளக்கப் போகிறோம்.

அந்தப் பட்டியலில் ஒரு வாக்கியம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. சம வயதுப் பிள்ளைகளைவிடப் பெரியவர்களோடு நன்றாக ஒத்துப்போகிற பிள்ளைக்கு, சகாக்களோடு பழகுவதில் சிக்கல் என்ற கணக்கில் மதிப்பெண் ஏறும். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போய்விட, பாட்டி மடியில் வளர்ந்து, தாத்தாவோடு டீக்கடை வரை நடந்து, ஊர்க்கதை கேட்டுப் பழகிய பிள்ளை நம் தெருவில் எத்தனை பேர்? நாம் ‘பெரிய மனுஷன் மாதிரி பேசுறான்’ என்று மெச்சுகிறவனை அந்தப் படிவம் குறையுள்ளவனாகக் குறித்துக்கொள்கிறது.

இந்த விஷயத்தில் எல்லாரும் படித்திருக்க வேண்டிய ஓர் ஆய்வு 1995இல் வந்தது. அமெரிக்க உளவியலாளர் ஜான் வைஸும் தாய்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து இரு நாட்டுப் பள்ளிக் குழந்தைகளை ஒப்பிட்டார்கள். முதலில் ஆசிரியர்களிடம் கேட்டார்கள். தாய்லாந்துக் குழந்தைகளுக்குத்தான் அதிகப் பிரச்சினைகள் என்று ஆசிரியர்களின் மதிப்பெண்கள் காட்டின. அதோடு விட்டிருந்தால், தாய்லாந்துப் பிள்ளைகள் முரடர்கள் என்று உலகம் எழுதி வைத்திருக்கும். அவர்கள் விடவில்லை. பயிற்சி பெற்ற பார்வையாளர்களை வகுப்பறைக்குள் உட்கார வைத்து, கண்ணால் பார்த்ததைக் குறிக்கச் சொன்னார்கள். முடிவு தலைகீழானது. அமெரிக்கக் குழந்தைகளிடம்தான் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரச்சினை நடத்தை தென்பட்டது. பாடத்தில் கவனமில்லாமல் இருந்ததும் அப்படியே.

இதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். படிவத்தில் பதிவானது தாய்லாந்து ஆசிரியரின் எதிர்பார்ப்பு. அமைதியும் பணிவும் இயல்பென்று கருதும் வகுப்பில் ஒருவன் நாற்காலியை இழுத்தாலே சத்தம் கேட்கும். சந்தைக்கடை போன்ற வகுப்பில் பெஞ்சைக் கவிழ்த்தாலும் காதில் விழாது. இதே வைஸ் குழுவினர் 1988இல் இன்னொன்றும் செய்திருந்தார்கள். கூச்சப்படும் பிள்ளை, சண்டை போடும் பிள்ளை என்று சில சித்திரிப்புகளைப் பெரியவர்களிடம் படிக்கக் கொடுத்தார்கள். தாய்லாந்தினர் அமெரிக்கர்களைவிடக் குறைவாகக் கவலைப்பட்டார்கள். காலப்போக்கில் சரியாகிவிடும் என்றார்கள். ‘வளர்ந்தா சரியாயிடும்’ என்று நம் வீட்டில் சொல்லாத பாட்டி உண்டா?

மருத்துவர்களும் விதிவிலக்கல்ல. 1992இல் வெளியான ஆய்வொன்றில், எட்டு வயதுச் சிறுவர்கள் நால்வரின் ஒரே காணொளிகளை நான்கு நாட்டு மனநல வல்லுநர்கள் பார்த்தார்கள். சீன, இந்தோனேசிய வல்லுநர்கள் கொடுத்த மிகைத்துடிப்பு மதிப்பெண், ஜப்பானிய, அமெரிக்க வல்லுநர்கள் கொடுத்ததைவிடக் கணிசமாகக் கூடுதல். பையன்கள் மாறவில்லை, பார்த்த கண்கள் மாறின.

நம் நாட்டுக் கணக்கு மட்டும் என்ன வாழ்கிறது? கோவாவில் 12 முதல் 16 வயது வரையிலானவர்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரை, 1.81 சதவீதத்தினருக்கு மனநலக் கோளாறு என்றது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் என்றது. பெங்களூரில் 16 வயது வரையிலான பிள்ளைகளை ஆராய்ந்தவர்கள் 2005இல் 12.5 சதவீதம் என்றார்கள். கோவாவைவிடப் பெங்களூரில் ஏழு மடங்கா? வயது வேறு, கருவி வேறு, முறை வேறு என்பார்கள். நானும் அதையேதான் சொல்கிறேன்: கருவியை மாற்றினால் நோயின் அளவே மாறுகிறது.

உலகளாவிய அளவுகோலுக்கு வக்காலத்து வாங்குவோர் உடனே அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஆக்கன்பாக்கின் பட்டியலை நீட்டுவார்கள். 31 சமூகங்களில் 55,508 குழந்தைகளின் பெற்றோர் அதை நிரப்பியதாக 2007இல் வெளியான ஒப்பீடு பெருமையாகச் சொன்னது. ஆனால், அந்த ஆய்வே என்ன கண்டது? பிள்ளை ஆணா பெண்ணா, வயது என்ன என்பதைவிட, எந்தச் சமூகத்தைச் சேர்ந்தது என்பதே மதிப்பெண்ணை அதிகம் மாற்றியது. குட்மனே பங்கேற்று 2012இல் வந்த ஆய்வு இந்தியா உட்பட ஏழு நாடுகளை ஒப்பிட்டு, நாடுகளுக்கிடையிலான மதிப்பெண் வேறுபாடு நோயின் வேறுபாட்டைக் காட்டும் என்று சொல்ல முடியாது என்றது. அளவுகோலைச் செய்தவரே கைவிட்ட வாதத்தை நம்மவர்கள் இன்னும் சுமக்கிறார்கள் என்றால், அது அறிவியல் அல்ல, சோம்பேறித்தனம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நம் மண்ணின் நோயை அந்தப் படிவத்துக்குத் தெரியாது என்பது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவரை, உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடை செய்யப் பரிந்துரைத்தது. குட்மனின் பட்டியலில் கயிறு பற்றி ஒரு சொல் உண்டா? தெருப் பெரியவர்கள் கட்டச் சொன்ன கயிற்றைக் கட்டிக்கொண்டு, சொன்னபடி நடக்கிறவனுக்கு அங்கே ‘கீழ்ப்படிகிறான்’ என்று நல்ல பெயர் கிடைக்கும். எதிர்த்துக் கேட்கிற பையனுக்கு மதிப்பெண் ஏறும். அநீதிக்குப் பணிகிறவனை ஆரோக்கியமானவன் என்றும் கேள்வி கேட்பவனை நோயாளி என்றும் சொல்லும் கருவி நமக்கு எதற்கு?

அரசு உடனடியாக ஓர் ஆணை பிறப்பிக்க வேண்டும். நம் பிள்ளைகளை வைத்து, கண்ணால் பார்த்த நடத்தையோடு ஒப்பிட்டுச் சரிபார்க்காத எந்த வினாப்பட்டியலும் பள்ளிக்குள் நுழையக் கூடாது. எந்த மதிப்பெண்ணும் மாணவரின் பதிவேட்டில் ஏறக் கூடாது. ஆலோசகர் முதலில் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு வாரம் உட்காரட்டும், பிறகு பேசட்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. நாளை உங்கள் பிள்ளையைப் பற்றிய படிவத்தை யாராவது நீட்டினால், கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்தக் கோட்டை எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்துப் போட்டீர்கள்?” பதில் வராவிட்டால் பேனாவை மூடி வையுங்கள்.