சோலார் பம்பு வைக்க காசு இருக்கு... ரிப்பேர் பார்க்க யார் தருவது?
கரண்ட் போகாத மலை கிராமங்களின் குடிநீர் கணக்கு

ஈரோடு:

நாட்டில் எல்லா கிராமத்துக்கும் மின்சாரம் கொடுத்தாச்சு என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு அறிவித்தது. ஆனால் 100 வீட்டில் 10 வீட்டுக்கும், பள்ளிக்கூடம் போன்ற பொது இடங்களுக்கும் கரண்ட் இருந்தாலே அது மின்வசதி பெற்ற கிராமம். காட்டுக்குள் தள்ளி இருக்கும் குக்கிராமங்கள் இந்த கணக்கில் அடிபட்டுப் போகும்.

சத்தியமங்கலம், பர்கூர் போன்ற மலைப்பகுதிகளில் காட்டு வழியாக கம்பி இழுக்க வனத்துறை அனுமதி வேண்டும். கரண்ட் இல்லாமல் போர் போட்டு என்ன பிரயோஜனம்? டீசல் இன்ஜின் வைத்தால் டீசலை மலை மேல் கொண்டு போகணும். அதனால்தான் சோலார் பம்பு கைகொடுக்கிறது.

தொட்டிதான் பேட்டரி

ஜல் ஜீவன் திட்டப்படி ஒருவருக்கு தினமும் 55 லிட்டர். 40 வீடு, 200 பேர் என்றால் 11 ஆயிரம் லிட்டர். வெயில் இருக்கும்போது மேல்நிலை தொட்டியில் ஏற்றி வைத்தால் ராத்திரியும் குழாயில் தண்ணீர் வரும். பேட்டரி தேவையில்லை. ஆனால் மேகமூட்டமான நாட்களுக்கும் சேர்த்து தொட்டி பெரிதாக இருக்கணும். அதில் மிச்சம் பிடித்தால் மழைக்காலத்தில் மறுபடி ஓடைத் தண்ணீர்தான்.

பணம் எங்கிருந்து?

விவசாய பம்புக்கு 2019-ல் வந்த குசும் திட்டத்தில் மத்திய அரசு 30 சதவீதம், மாநில அரசு குறைந்தது 30 சதவீதம் மானியம். விளைச்சலை விற்று மீதியை அடைத்துவிடலாம். குடிநீரில் வருமானம் கிடையாது. எந்த பேங்க் கடன் கொடுக்கும்?

எனவே அரசு பணம்தான். அதே 2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் தமிழகம் போன்ற மாநிலங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் பாதிக்குப் பாதி. ஊருக்குள் நடக்கும் வேலைக்கு மக்கள் பங்கு 10 சதவீதம். மலை, வனப்பகுதி என்றால் 5 சதவீதம். காசு இல்லாதவர்கள் உடல் உழைப்பாக கொடுக்கலாம். இந்த திட்டம் 2028 வரை நீட்டிக்கப்படும் என்று 2025 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது.

சிக்கல் எங்கே?

சோலார் தகடு 20, 25 வருஷம் உழைக்கும். மோட்டாரும், அதை இயக்கும் கன்ட்ரோலர் பெட்டியும் அவ்வளவு நாள் தாங்காது. கம்பெனியின் பராமரிப்பு காலம் முடிந்த பிறகு பழுதானால் யார் பொறுப்பு?

கரண்ட் உள்ள ஊரில் மாசா மாசம் பில் வரும். அதற்கு ஊராட்சி பணம் ஒதுக்கியே ஆகணும். சோலாருக்கு பில் கிடையாது. அதனால் பணம் எடுத்து வைக்கும் பழக்கமும் வருவதில்லை. இலவச தண்ணீர் என்ற நினைப்பே பம்புக்கு எமனாகிறது.

30 ரூபாய் போதும்

வீட்டுக்கு மாதம் 30 ரூபாய் போட்டால் 40 வீட்டில் 1,200 ரூபாய். 5 வருஷத்தில் 72 ஆயிரம் ரூபாய் சேரும். கூலி வேலை இல்லாத மாசம் அந்த 30 ரூபாயும் பாரம்தான். அதனால் முழு சுமையையும் மக்கள் தலையில் கட்ட முடியாது.

வேலை முடிந்ததும் செலவில் 10 சதவீதத்தை ஊருக்கே சுழல்நிதியாக தர ஜல் ஜீவன் விதியில் இடம் இருக்கிறது. திடீர் பழுது பார்க்கத்தான் அந்தப் பணம். அது ஊர் குடிநீர் குழுவின் கணக்கில் வந்து சேர்ந்ததா என்று கிராமசபையில் மக்கள் கேட்கணும்.

பம்பு திறப்பு விழா அன்றே இந்த கணக்கையும் தொடங்கினால்தான் பெண்கள் மறுபடி குடத்தோடு ஓடைக்கு நடக்க வேண்டியிருக்காது.