கைக்குழந்தைக்கும் கப்பல் டிக்கெட்டா?

"பட்டு நெய்த கூலியில் மிச்சம் பிடித்த பணம், அக்கா. சென்னையிலிருந்து உல்லாசக் கப்பலில் இரண்டு நாள் போய்வர ஆசை. இடுப்பில் ஒன்றரை வயசுப் பிள்ளை. 'குழந்தைக்கு இலவசம்' என்று விளம்பரம் சொல்கிறதே, நம்பலாமா?" என்று கேட்கிறார் செவிலிமேட்டுச் சகோதரி ஒருவர்.

நம்பலாம், கணக்குப் பார்த்துவிட்டு நம்புங்கள்!

ரயிலில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் டிக்கெட்டே இல்லை. கப்பலில் கதை வேறு. அங்கே அறைக்குத்தான் விலை. முதல் இருவருக்கு முழுக் கட்டணம். மூன்றாவது ஆளுக்குப் பெரும்பாலும் குறைவு. உயிர்காக்கும் படகில் மடிக்குழந்தைக்கும் ஓர் இடம் வேண்டுமே! ஆகவே குழந்தையும் ஓர் ஆள்தான். 'இலவசம்' என்றாலும் துறைமுகக் கட்டணமும் வரியும் தனியாக வரக்கூடும்.

குழந்தையின் வயதைச் சொல்லி, "மூவருக்கும் எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று எழுத்தில் வாங்குங்கள். புறப்படும் நாளில் பிள்ளைக்கு ஜூரம் கண்டால் பணம் திரும்புமா என்பதையும் கேளுங்கள்.

பள்ளி விடுமுறையில் விலை ஏறும். உங்கள் பிள்ளைதான் இன்னும் பள்ளிக்கே போகவில்லையே! மற்ற நாட்களில் கிளம்புங்கள். ஜன்னலில்லாத உள்ளறை மலிவு. பகலில் தூங்கும் குழந்தைக்கு அந்த இருட்டும் நல்லதுதான். பால்மாவும் நாப்கினும் கையோடு இருக்கட்டும்.

ஆறு மாதம் நிரம்பாத சிசுவைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றமாட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை.

சேலை விலையில் ஜரிகை எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் நீங்கள். கப்பல் டிக்கெட்டையும் அப்படியே பாருங்கள், சகோதரி!