ஏழைக் கிழவிக்கு எதற்கு நினைவுப் பயிற்சி என்று கேட்பவருக்கு

ஏழை முதியவர்களின் நினைவாற்றலைக் காக்கும் திட்டங்கள் வீண் செலவு என்று சென்ற இதழ்க் கட்டுரை தீர்ப்பு எழுதிவிட்டது. வயதானால் மறதி வரத்தான் செய்யும் என்பது அதன் அடித்தளம். அந்த அடித்தளமே பொய்.

வயதுதான் காரணம் என்றால் எல்லோரையும் அது ஒன்றுபோலத் தாக்கியிருக்க வேண்டும். நாடு தழுவிய ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாக அது கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம், நகரங்களைவிடக் கிராமங்களில் அதிகம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாதவள், ரத்த அழுத்தம் பார்க்கப்படாதவள், கண்புரையோடு வருடக்கணக்காக விடப்பட்டவள்தான் முதலில் மறக்கிறாள். நாம் செய்யத் தவறியதை இயற்கையின் தலையில் கட்டுவது அநியாயம்.

நான் பேசுவது டிமென்ஷியாவுக்கு முந்தைய கட்டத்தைப் பற்றி. நடை தளர்ந்து, உடல் மெலிந்து, கூடவே நினைவும் தடுமாறத் தொடங்கும் நிலை அது. அறிவாற்றல் நலிவு என்று 2013இல் வல்லுநர்கள் அதைத் தனியாக வரையறுத்தார்கள். இங்கிருந்து மீள வழி உண்டு. கட்டுரையாளர் இந்தக் கட்டத்தை ஒரு வரியில்கூடத் தொடவில்லை. முற்றிய நோயாளியைக் காட்டி, இனி என்ன செய்ய முடியும் என்று கேட்கிறார். முற்றாமல் தடுப்பது பற்றிய விவாதத்தில் இது ஏமாற்று வேலை.

பின்லாந்து ஆய்வைக் காட்டி, இதெல்லாம் நமக்குக் கட்டுப்படியாகாது என்கிறார். 1,260 முதியவர்களை இரண்டு ஆண்டுகள் கவனித்து 2015இல் வெளியான ஆய்வு அது. அதில் இருந்தவை என்ன? சத்தான உணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி, ரத்த அழுத்தம் போன்றவற்றின் கண்காணிப்பு. நவீன உடற்பயிற்சிக் கூடத்தைக் கழித்துவிட்டால் இவற்றில் எது பணக்கார நாட்டுக்கு மட்டும் உரியது? சிங்கப்பூரில் நலிவுற்ற 246 முதியவர்களிடம் ஆறு மாதம் இதுபோன்ற பயிற்சி நடந்தது. ஓராண்டு முடிவில், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கே நலிவு குறைந்திருந்தது. உணவு, உடற்பயிற்சி, மனப்பயிற்சி மூன்றையும் பெற்றவர்களில் அது 48 சதவீதத்தைத் தொட்டது.

நம் ஊருக்கு வருவோம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. தன்னார்வலப் பெண் பிரஷர் பார்க்கும் கருவியோடு வீட்டு வாசலுக்கே வருகிறார். மாத்திரையும் வருகிறது, தேவைப்பட்டால் பிசியோதெரபிஸ்டும் வருகிறார். அதே வாசலில் நாற்காலி போட்டு, "கையை ஊன்றாம எழுந்திருங்க பாட்டி, மறுபடி உக்காருங்க" என்று ஐந்து முறை செய்யவைக்க எத்தனை நிமிடம் ஆகும்? தொடைக்கு வலு இருக்கிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும். அதுவே பயிற்சியும்கூட. மனப்பயிற்சிக்கும் கணினி வேண்டியதில்லை. நாலு பேர் கூடிப் பல்லாங்குழி ஆடலாம், சந்தையில் வாங்க வேண்டிய சாமான் பட்டியலை மனதில் வைத்துத் திருப்பிச் சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது முடியும். மூளையைக் கூர்மையாக்குவோம் என்று செல்போன் விளையாட்டு விற்பவர்கள்மீது கட்டுரையாளருக்கு இருக்கும் கோபம் நியாயமானது, அதில் நானும் அவர் பக்கமே. அந்தக் கோபத்தை வாசல் தேடி வரும் பெண்ணின் மேல் ஏன் காட்டுகிறார்?

முதலில் பென்ஷனை உயர்த்து என்கிறார். தாராளமாக உயர்த்தட்டும். 60 முதல் 79 வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு இன்னும் 200 ரூபாயில் நிற்பது வெட்கக்கேடு. ஆனால் 'முதலில்' என்ற சொல்லுக்குள் பெரிய வஞ்சனை இருக்கிறது. தனியாக வாழும் ஒரு கிழவியின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்திருக்கிறாரா? காலையில் போட்டோமா இல்லையா என்று தெரியாமல் இன்னொரு மாத்திரை போடுகிறாள். தலை சுற்றுகிறது. பயந்துபோய் அடுத்த இரண்டு நாள் தொடுவதே இல்லை. ரத்த அழுத்தம் ஏறி மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுகின்றன, மறதி இன்னும் கூடுகிறது. மாதாமாதம் வரும் பென்ஷன் பணத்தை எங்கே வைத்தோம் என்று அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் தேடுகிறாள். இவளுக்குப் பணத்தை மட்டும் கொடுத்துவிட்டு, அதைக் கையாளும் நினைவைக் காப்பதைப் பத்து வருடம் கழித்துப் பார்க்கலாம் என்கிறாரா? ரத்த அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற அமெரிக்க ஆய்வில் லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைந்ததாக 2019இல் முடிவு வந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போட வைப்பதே நினைவைக் காக்கும் வேலைதான்.

கடைசியில், நம் குடும்பங்கள் பார்த்துக்கொள்ளும் என்று பெருமையோடு முடிக்கிறார். குடும்பம் என்றால் யார்? பெரும்பாலும் மருமகள், இல்லையென்றால் மகள். கிழவி அடுப்பை அணைக்காமல் விட்டுவிடுவாளோ, வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டு வரை போய்விடுவாளோ என்று நடவுக்குப் போகாமல் வீட்டில் உட்காருபவள் அவள்தான். செலவு செலவு என்று கட்டுரை முழுக்கக் கணக்குப் போட்டவர், அவள் இழக்கும் கூலியை எந்தப் பத்தியிலும் எழுதவில்லை.